பொய் சொல்லாத சாட்சிகள்

ஹாஸ்டல்ல யாராவது ஒரு சீரிஸ் சிபாரிசு செஞ்சா முதல்ல வர்ற கேள்வி, "லேக் அடிக்குமா?" அடுத்த கேள்வி, "ஒன்றரை ஸ்பீடுல வச்சுப் பார்க்கலாமா?" பெரும்பாலான கிரைம் கதைகளை அப்படித் தாராளமாகப் பார்க்கலாம். கொலையாளி யாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும் என்றால் கடைசி இருபது நிமிஷமே போதும். ஆனால் ஒரு வகைத் துப்பறியும் கதை இருக்கு. அதில் போலீஸ்காரர் கையில் கைரேகையோ ரத்தக்கறையோ பெரிசா இருக்காது. யாரோ ஒருத்தருடைய ஞாபகம் மட்டும்தான் இருக்கும். அந்த ஞாபகத்தை நம்பலாமா என்பதே கேஸ். இந்தக் கதைகள் மெதுவா போகும். ஏன் மெதுவா போகணும், ஸ்பீடு கூட்டினா நமக்கு என்ன போகும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போறேன்.

முன்னாடியே ஒரு எச்சரிக்கை. பாபநாசம், கிஷ்கிந்தா காண்டம், ட்ரூ டிடெக்டிவ் மூன்றாவது சீசன் மூன்றையும் உடைச்சுத்தான் பேசணும். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, பக்கம் எங்கேயும் ஓடிப் போகாது.

தமிழில் இதற்கு ஆரம்பம் தேடினால் 1954க்குப் போகணும். ஏவிஎம் தயாரித்த 'அந்த நாள்'. இயக்கியவர் எஸ். பாலசந்தர். ஆமாம், வீணை பாலசந்தரேதான். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நேரத்தில் கதை நடக்குது. ராஜன் என்கிற ரேடியோ இன்ஜினியரை, அதாவது சிவாஜி கணேசனை, படம் தொடங்கிய உடனேயே யாரோ சுட்டுக் கொன்னுடறாங்க. (இ.சி.இ. மக்களே, நம்ம டிபார்ட்மெண்ட் ஆளை முதல் சீன்லயே முடிச்சுட்டாங்க.) சி.ஐ.டி. அதிகாரியாக வருபவர் ஜாவர் சீதாராமன், படத்தை எழுதியவரும் அவரே. வீட்டில் உள்ளவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவர் சொல்வதும் காட்சியாக விரிகிறது. ஒவ்வொரு காட்சியிலும் சந்தேகம் வேறொரு ஆள் மேல் விழுகிறது.

குரோசாவாவின் 'ராஷோமான்' 1950லேயே வந்துவிட்டது. அந்தப் பாதிப்பு இதில் இருப்பதாகப் பலரும் எழுதியிருக்காங்க. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேற. 'அந்த நாள்' பார்க்கும்போது நம்ம மனசில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: இவங்கள்ல யார் பொய் சொல்றாங்க? ஒருத்தர் மறைக்கிறார், ஒருத்தர் மாட்டிவிடுகிறார் என்று எடுத்துக்கொண்டே போகிறோம். பொய்யைக் கழிச்சுட்டா மிச்சம் உண்மை. பழைய துப்பறியும் கதை முழுக்க இந்தக் கழித்தல் கணக்குதான்.

இப்போ 2015க்கு வாங்க. 'பாபநாசம்'. ஜீத்து ஜோசப் தன்னுடைய மலையாள 'த்ரிஷ்யம்' (2013) படத்தைத் தமிழில் எடுத்தது. கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம் தன் குடும்பத்தைக் காப்பாத்த ஒரு காரியம் பண்றார். சம்பவம் நடந்த நாளில் தாங்கள் ஊரிலேயே இல்லை என்று நிரூபிக்கணும். அதற்காக யாருக்கும் காசு கொடுக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை. சம்பவத்துக்கு அப்புறம் குடும்பத்தோட நிஜமாகவே வெளியூர் போறார். பஸ்ல போறாங்க, ஹோட்டல்ல சாப்பிடறாங்க, லாட்ஜ்ல தங்கறாங்க, படம் பார்க்கறாங்க. டிக்கெட்டெல்லாம் பத்திரமா எடுத்து வைக்கிறார். சில நாள் கழிச்சு அதே ஆட்களை மறுபடி பார்த்து, பேச்சோட பேச்சா "அன்னைக்கு வந்தோமே" என்று தேதியை மட்டும் நகர்த்தி வச்சுட்டு வந்துடறார்.

போலீஸ் வந்து விசாரிக்கும்போது கண்டக்டர் பொய் சொல்லலை. ஹோட்டல்காரர் பொய் சொல்லலை. தியேட்டர் ஆள் பொய் சொல்லலை. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவாங்க. அவங்க பார்த்தது, பேசினது, பரிமாறினது எல்லாம் நடந்ததுதான். தேதி மட்டும் வேறொருத்தர் ஒட்டினது. ஆஷா சரத் நடித்த ஐ.ஜி. கடைசியில் இதைக் கண்டுபிடிக்கிறார், ஆனால் பயன் இல்லை. கழிப்பதற்குப் பொய்யே இல்லாத இடத்தில் கழித்தல் கணக்கு என்ன செய்யும்?

சினிமாவுக்காக ஊதிப் பெரிசாக்கின விஷயம்னு நினைச்சீங்கன்னா, 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் இருவரும் அமெரிக்காவில் செய்த சோதனையைப் பாருங்க. 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்து காட்சியைப் போட்டுக் காட்டினாங்க. பிறகு 50 பேரிடம் "கார்கள் இடித்தபோது என்ன வேகம்?" என்று கேட்டாங்க. இன்னொரு 50 பேரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" மீதி 50 பேரிடம் வேகத்தைப் பற்றி எதுவும் கேட்கலை. ஒரு வாரம் கழிச்சு எல்லோரிடமும் ஒரே கேள்வி: உடைஞ்ச கண்ணாடியைப் பார்த்தீங்களா? காட்சியில் உடைந்த கண்ணாடியே கிடையாது. "இடித்த" குழுவில் 7 பேர் பார்த்தோம்னாங்க. கேள்வியே கேட்கப்படாத குழுவில் 6 பேர். "நொறுங்கிய" குழுவில் 16 பேர். ஒரு வினைச்சொல்லை மாற்றினதுக்கே இவ்வளவு. சுயம்புலிங்கம் நாலாங்கிளாஸ் அளவு படிப்பை வச்சுக்கிட்டு செஞ்சது இதைத்தான்.

நம்ம பாடத்தில் இருந்தே ஒரு உதாரணம் சொல்றேன். ஞாபகம் என்றாலே நாம ஹார்ட் டிஸ்க் மாதிரி யோசிக்கிறோம்: ஃபைல் உள்ளே கிடக்கு, திறந்தா அப்படியே வரும், திறந்ததால அதுக்கு ஒண்ணும் ஆகாது. டி-ராம் எப்படி வேலை செய்யுதுன்னு மைக்ரோபிராசஸர் வகுப்பில் தூங்காம இருந்தவங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி கெபாசிட்டரில் இருக்கிற சார்ஜ். அதைப் படிக்கணும்னா சார்ஜை வெளியே எடுக்கணும். எடுத்தவுடனே உள்ளே இருந்தது அழிஞ்சிடும். சென்ஸ் ஆம்ப்ளிஃபயர் அது ஒன்றா பூஜ்யமா என்று முடிவு பண்ணி, அந்த முடிவைத் திரும்ப உள்ளே எழுதும். அதாவது ஒவ்வொரு தடவை படிக்கிறதும் ஒரு தடவை எழுதுறது. சும்மா விட்டாலும் சார்ஜ் கசியும். அதனால சாதாரணமா 64 மில்லிசெகண்டுக்குள்ள எல்லா வரிசையையும் ஒரு தடவை படிச்சு எழுதி ரெஃப்ரெஷ் பண்ணணும்.

மனுஷ ஞாபகம் இதற்குப் பக்கத்தில் இருக்கிறதாகத்தான் தோணுது. 2000இல் கரீம் நாடர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ மூவரும் எலிகளை வைத்து ஒரு சோதனை வெளியிட்டாங்க. ஒரு சத்தத்தைக் கேட்டால் ஷாக் அடிக்கும் என்று எலி கத்துக்கிட்டிருக்கு. அந்த ஞாபகம் நல்லா பதிஞ்ச பிறகு, சத்தத்தை மறுபடி கேட்க வச்சு ஞாபகத்தைக் கிளப்பி, உடனே மூளையின் ஒரு பகுதியில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினாங்க. பயம் மங்கிப் போச்சு. ஞாபகத்தைக் கிளப்பாமல் அதே மருந்தைக் கொடுத்தப்போ பயம் அப்படியே இருந்தது. நினைவுக்கு வரும்போது ஞாபகம் இளகுது, திரும்பப் பதிய வேண்டியிருக்கு. மனுஷங்களுக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. டி-ராம் உவமையும் ஒரு எல்லை வரைக்கும்தான்; ராம் சில்லு உறவுக்காரங்களுக்காகத் தன் பிட்டை மாத்தி எழுதாது.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இதைச் சோதிச்சுப் பார்க்க ஒரு சுலப வழி இருக்கு. கஜா. 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கந்தர்வக்கோட்டை, அறந்தாங்கி பக்கம் இருந்து வர்றவங்க வீட்டில் அந்த ராத்திரியைப் பற்றித் தனித்தனியாகக் கேளுங்க. எங்க வீட்டில் கேட்டேன். அப்பா கணக்கில் முதல்ல விழுந்தது கொல்லைப் பலா, அதுக்கப்புறம்தான் தென்னை. அம்மாவுக்குத் தென்னைதான் முதல், பலா விழுந்தப்போ பால்காரர் வர்ற நேரமாம். அப்பத்தா சொல்ற கதையில் பலா விழவே இல்லை, அடுத்த வாரம் ஆள் விட்டு வெட்டினது. கரண்ட் எத்தனை நாள் கழிச்சு வந்ததுன்னு கேட்டா மூணு பேருக்கு மூணு விடை. மூணு பேருமே அடிச்சுச் சொல்றாங்க. ஒருத்தருக்கும் பொய் சொல்ல அவசியம் இல்லை, நிவாரணப் பணமெல்லாம் எப்பவோ வந்து செலவாயிடுச்சு.

பெரிய சம்பவம்னா அப்படியே பதிஞ்சிடும்னு நாம நம்பறோம். 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடிச்ச மறுநாள் காலையில், அமெரிக்கப் பேராசிரியர் உல்ரிக் நைசர் தன் மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீங்கன்னு எழுதி வாங்கி வச்சார். இரண்டரை, மூணு வருஷம் கழிச்சு அதே ஆட்களிடம் நிக்கோல் ஹார்ஷோட சேர்ந்து மறுபடி கேட்டார். பல பேரோட விடை அவங்களே எழுதினதுக்கு ஒத்துப் போகலை. சொந்தக் கையெழுத்தைக் காட்டின பிறகும் பழைய ஞாபகம் திரும்பி வரலை. ஒருத்தர் எவ்வளவு உறுதியா சொல்றார் என்பதும், அது எவ்வளவு சரி என்பதும் தனித்தனி அளவு என்று அந்தச் சோதனையில் தெரிஞ்சுது.

இப்போ நம்ம முதல் கேள்விக்கு வரலாம். ஏன் இந்தக் கதைகள் மெதுவா போகணும்?

உங்க ஞாபகத்தை ஆட்டணும்னா முதல்ல உங்களுக்கு ஒரு ஞாபகம் இருக்கணும். அதைப் பதிய விடணும், கொஞ்சம் மங்கவும் விடணும். இரண்டு மணி நேரப் படத்தில் வேகமாக ஒரு ஃப்ளாஷ்பேக் காட்டி, "நீங்க பார்த்தது தப்பு" என்று திருப்பினால் அது டிவிஸ்ட். "அட!" என்போம், முடிஞ்சுது. முதல் எபிசோடில் ஓரமாகக் காட்டின ஒரு பொருளை ஆறாவது எபிசோடில் ஒரு பாத்திரம் குறிப்பிடும்போது, "அது அங்கே இருந்துச்சா?" என்று நீங்களே உங்க தலைக்குள்ள தேடுறீங்க பாருங்க, அந்த நேரத்தில் நீங்களும் சாட்சிக் கூண்டில் நிக்கறீங்க. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885லேயே தன்னையே சோதனை எலியாக்கி, அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, மறதி எவ்வளவு வேகத்தில் நடக்குதுன்னு வரைஞ்சு காட்டினார். முதல் ஒரு நாளுக்குள்ளேயே பெரிய சரிவு, அதுக்கப்புறம் மெதுவா. மெதுவா போற சீரிஸ் அந்தச் சரிவைத்தான் பயன்படுத்திக்குது. ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடையும் முடிச்சா சரிவுக்கே இடம் கிடைக்காது.

இதற்கு நான் பார்த்ததில் சிறந்த உதாரணம் 'ட்ரூ டிடெக்டிவ்' மூன்றாவது சீசன். 2019இல் ஜனவரி, பிப்ரவரியில் வாராவாரம் வந்தது, எட்டு எபிசோட். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் அண்ணன் தங்கச்சி இரண்டு குழந்தைகள் காணாமல் போறாங்க. வேய்ன் ஹேய்ஸ் என்ற டிடெக்டிவ்வாக மஹர்ஷலா அலி. 1980இல் கேஸ் நடக்குது, 1990இல் திரும்பத் திறக்கப்படுது, 2015இல் எழுபது வயசில் ஹேய்ஸ் ஒரு டாக்குமெண்டரி குழுவுக்கு அதைச் சொல்லிக்கிட்டிருக்கார். சிக்கல் என்னன்னா, 2015 ஹேய்ஸுக்கு மறதி நோய். இருந்த ஒரே எவிடென்ஸ் ரூமே கசிஞ்சுக்கிட்டிருக்கு. ராத்திரி தனக்குத் தானே டேப்பில் பேசி வச்சுக்கறார், காலையில் எழுந்து கேட்பதற்கு. 1980 காட்சியிலிருந்து 2015க்கு எப்போ மாறினோம்னு சில இடத்தில் நமக்கே ஒரு நொடி குழப்பமா இருக்கும். அவருக்கும் அப்படித்தான்.

கடைசி எபிசோடில் முப்பத்தைந்து வருஷமாகத் தேடினதுக்கு விடை கிடைச்சு, அந்த விலாசத்துக்கு வண்டி ஓட்டிக்கிட்டுப் போறார். போய் இறங்கினதும், எதுக்கு வந்தோம்னு மறந்து போகுது. எதிரில் யார் நிக்கறாங்கன்னு தெரியலை. மகனுக்கு ஃபோன் போட்டு, நான் எங்கேயோ வந்துட்டேன்னு சொல்றார். அந்த இடத்தில் கேஸுக்கு விடை தெரிஞ்ச ஆள் திரைக்குள்ளே யாரும் இல்லை. எட்டு எபிசோட் பொறுமையா உட்கார்ந்த நீங்க மட்டும்தான். கதைச் சுருக்கம் படிச்சு இதைத் தெரிஞ்சுக்கிட்டவங்களுக்கு இப்போ நான் சொன்ன மாதிரி இது வெறும் தகவல். அவரோட கூடவே ஞாபகம் சேர்த்துக்கிட்டு வந்தவங்களுக்கு, தொண்டையில் ஏதோ அடைக்கும்.

மலையாளத்தில் 2024 ஓணத்துக்கு வந்த 'கிஷ்கிந்தா காண்டம்' இதே இடத்துக்கு நம்ம ஊர் வீட்டு வழியாக வருது. தின்ஜித் அய்யத்தான் இயக்கம். எழுதி ஒளிப்பதிவும் செய்தவர் பாகுல் ரமேஷ். தேர்தல் நேரம், லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கணும். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற அப்பு பிள்ளையின் துப்பாக்கியைக் காணோம். வீட்டில் ஒரு பேரன் ஏற்கெனவே காணாமல் போயிருக்கான். புதுசா கல்யாணமாகி வந்த மருமகள் அபர்ணா, மாமனாரின் நடவடிக்கை சரியில்லையேன்னு கவனிக்க ஆரம்பிக்கிறாள். விஜயராகவன் அந்த மாமனாராக நடித்திருக்கும் விதத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். தனக்கு மறதி இருப்பதை யாருக்கும் காட்டிக்கொள்ள மாட்டார், கோபத்தால் மூடி வைப்பார்.

அவர் என்னத்தையோ மறைக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர் துப்பறிஞ்சுக்கிட்டிருக்கார். பேரனுக்கு என்ன ஆச்சுன்னு தடயம் தடயமாகச் சேர்த்துக் கண்டுபிடிக்கிறார். கண்டுபிடிச்சதைத் தாங்க முடியாமல் அந்தக் குறிப்புகளை எரிக்கிறார். பிறகு மறந்து போகிறார். மறுபடி முதலில் இருந்து தேடுகிறார். மகன் அஜயனுக்கு (ஆசிஃப் அலி) விடை தெரியும். தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி அப்பாகூட நிக்கணும். மத்தவங்களுக்கு ஒரு சாவு ஒரு தடவை. இந்த வீட்டில் அது எத்தனை தடவைன்னு எண்ண முடியாது. வீட்டில் மறதி நோயோடு ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கிறவங்களுக்கு, "அவர் எங்கே போயிருக்கார்?" என்று செத்துப் போனவரைப் பற்றித் தினமும் வரும் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பது நிஜமான பிரச்சினை. உண்மையைச் சொன்னால் அவங்க புதுசா அழுவாங்க. சொல்லாமல் விட்டால் நாம பொய் சொன்னதாகும். படம் இதற்குத் தீர்ப்பு சொல்லலை.

தமிழ் சினிமாவில் மறதிக்குப் பஞ்சம் கிடையாது. தலையில் அடி பட்டா போகும், இன்னொரு அடி பட்டா வரும். 'கஜினி' (2005) கிறிஸ்டோபர் நோலனின் 'மெமெண்டோ'விலிருந்து குறிப்பு எழுதி வைக்கும் பழக்கத்தை எடுத்துக்கிட்டு, சந்தேகத்தை விட்டுட்டு வந்துடுச்சு. 'மெமெண்டோ'வில் பயமே, எழுதி வச்ச குறிப்பே பொய்யா இருக்கலாம் என்பதுதான். இந்த விஷயத்தில் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' (2012) எவ்வளவோ நேர்மையான படம். ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாகவே நடந்தது. கிரிக்கெட்டில் அடிபட்ட மனுஷன் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும், நண்பர்கள் அதை வச்சுக்கிட்டு முழிப்பதும் சிரிப்பாக இருந்தாலும், மறதி உண்மையில் அப்படித்தான் இருக்கும்.

'வதந்தி' (2022, எட்டு எபிசோட், ஆண்ட்ரூ லூயிஸ்) இன்னொரு கோணம். கன்னியாகுமரி பக்கம் வெலோனி என்ற பெண் கொல்லப்படுகிறாள். எஸ்.ஜே. சூர்யா விசாரிக்கப் போகும் இடமெல்லாம் ஆளுக்கொரு வெலோனியைச் சொல்றாங்க. ஒரு ஊரே சேர்ந்து செத்துப் போன பொண்ணோட ஞாபகத்தைத் திருத்தி எழுதினா என்ன ஆகும்? "நொறுங்கிய" என்ற ஒரு சொல் இல்லாத கண்ணாடியை உண்டாக்கியது. "அந்தப் பொண்ணு அப்படி" என்ற சொல் என்னவெல்லாம் உண்டாக்கும் என்பதை இந்த சீரிஸ் நிதானமாகக் காட்டுது. நடுவில் இரண்டு எபிசோட் கொஞ்சம் இழுக்கும், அதை நானும் ஒத்துக்கறேன்.

இதெல்லாம் திரைக்குள்ளேயே முடியிற விஷயமும் கிடையாது. போங் ஜூன்-ஹோ 2003இல் எடுத்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்', தென் கொரியாவின் ஹ்வாசோங்கில் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட நிஜ வழக்கு. படம் வந்தபோது கொலையாளி யார் என்று தெரியாது. படத்தில் போலீஸார் சந்தேகப்பட்டவனை உட்கார வச்சு, அவன் எப்படிக் கொன்னான்னு அவனுக்கே சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொல்ல வைப்பாங்க. 2019இல் டி.என்.ஏ. மூலமாக நிஜ ஆள் தெரிஞ்சார். வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஜெயிலில் இருந்தார். அந்தப் பத்தில் ஒரு கொலைக்காக வேறொருத்தர் சுமார் 20 வருஷம் சிறையில் இருந்து வெளியே வந்திருந்தார். 2020 டிசம்பரில்தான் கோர்ட் அவரைக் குற்றமற்றவர் என்றது.

நம்ம நாட்டில் போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 1872 சாட்சியச் சட்டம் 25ஆவது பிரிவிலேயே சொல்லிவிட்டது. அதே சட்டத்தின் 159ஆவது பிரிவு எனக்கு இன்னும் பிடிக்கும். சாட்சி சொல்பவர், சம்பவம் நடந்தபோதோ அல்லது ஞாபகம் மாறாமல் இருக்கும் அளவுக்கு உடனேயோ தானே எழுதி வைத்ததைப் பார்த்துத் தன் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்கிறது. அந்தப் பிரிவின் ஆங்கிலத் தலைப்பில் இருக்கும் வார்த்தையும் ரெஃப்ரெஷ்தான். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டாலும் இந்த இரண்டு ஏற்பாடும் அதில் தொடருது. ஞாபகம் கசியும் என்று நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடியே சட்டம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்னு கேட்டா, 'பாபநாசம்' எல்லோரும் பார்த்திருப்பீங்க; இன்னொரு தடவை சுயம்புலிங்கத்தை விட்டுட்டு சாட்சிகள் முகத்தை மட்டும் பாருங்க. அடுத்து 'கிஷ்கிந்தா காண்டம்', சப்டைட்டிலோட, ஃபோனை வேற ரூம்ல வச்சுட்டு. 'ட்ரூ டிடெக்டிவ்' மூன்றாவது சீசனை செமஸ்டர் லீவுக்கு வச்சுக்குங்க. நார்மல் ஸ்பீடு, ஒரு நாளைக்கு ஒரு எபிசோட், அதுக்கு மேல வேண்டாம். முதல் எபிசோட் முடிஞ்சதும் என்ன பார்த்தீங்க, யார் எந்தப் பக்கம் போனாங்க, பையன்கிட்ட என்ன இருந்துச்சுன்னு ஒரு பேப்பரில் பத்து வரி எழுதி மடிச்சு ரெக்கார்டு நோட்டுக்குள்ள வச்சுடுங்க. எட்டாவது எபிசோட் முடிஞ்ச அன்னைக்கு, முதல் எபிசோடைப் பற்றி ஞாபகம் இருக்கிறதை இன்னொரு பேப்பரில் எழுதுங்க. அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பாருங்க. நடுவுல மட்டும் எடுத்துப் பார்த்துடாதீங்க, ரெஃப்ரெஷ் ஆயிடும்.